மரியோ 1-1 பற்றி யூஜி நாகா சொன்னது: குறையா, பாராட்டா?

எட்டுபிட்_குமரன் கேட்டது:

சேகா கம்பெனியின் சோனிக் முதல் கேமுக்கு (1991) புரோகிராம் எழுதிய யூஜி நாகா, அதற்கான விதை மரியோவிடமிருந்து வந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸில் சேவ் கிடையாது. எப்போது ஆன் பண்ணினாலும் 1-1இலிருந்துதான், அதாவது முதல் உலகத்தின் முதல் லெவலிலிருந்துதான், தொடங்க வேண்டும். மனப்பாடமாகிவிட்ட அந்த லெவலை இன்னும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்த்துப் பார்த்து ஆடியதில்தான் வேகத்தை மையமாக வைத்த கேம் என்ற எண்ணம் பிறந்ததாம்.

இந்தப் பேச்சுக்கு நம் ஆட்கள் மூன்று விதமாகப் பொருள் சொல்கிறார்கள். மரியோ மெதுவு, அலுப்பு என்று போட்டிக் கம்பெனியின் கேமைக் குறை சொல்கிறார் என்பது ஒன்று. சோனிக் மரியோவின் பிள்ளை என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்பது இன்னொன்று. "சோனிக்கில் வலது பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், அப்புறம் என்ன திறமை" என்பது மூன்றாவது.

ரசிகர் சண்டை வேண்டாம். அவர் சுட்டிய பிரச்சினை 1-1இல் உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் சோனிக் முதல் பாகம் அதைத் தீர்த்ததா? கணக்கோடு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நீலமுள்:

குமரன், அவர் பேசியது வேகத்தைப் பற்றி மட்டும் இல்லை. ஆடுபவர் தேறத் தேற, கேமும் அதற்கேற்ப இடம் கொடுக்கிறதா என்பதுதான் விஷயம்.

1-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மரியோ நடக்கும் வேகம் ஃபிரேமுக்கு (விநாடிக்கு 60 ஃபிரேம்) 1.5 பிக்சல். பி பட்டனைப் பிடித்து ஓடினால் 2.5. நின்ற இடத்திலிருந்து அந்த 2.5ஐத் தொட ஏறத்தாழ 45 ஃபிரேம், அதாவது முக்கால் விநாடி. அதற்கு மேல் தரையில் ஒரு பிக்சல்கூடக் கூடாது. தொடக்கத்திலிருந்து கொடிக்கம்பம் வரை சுமார் 3,100 பிக்சல். எங்கும் நிற்காமல் ஓடினால் 21 விநாடி. கீழறைக்குப் போகும் குழாயில் இறங்கினால் இன்னும் கொஞ்சம் மிச்சம். பிடித்த பி பட்டனை விடாமல் 1-1ஐ முடிக்க ஒரு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். அந்த 21 விநாடிக்குப் பிறகு சாதாரண ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் ஏதுமில்லை. நாகா முட்டி நின்ற கூரை இதுதான் என்று நான் படிக்கிறேன். ஒரே லெவலை நூறு தடவை ஓடத் தூண்டும் அளவுக்கு அது நன்றாக இருந்தது என்பதும் அதே பேச்சுக்குள் இருக்கிறது. ஆகவே குறையும் பாராட்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, பிரிக்க முடியாது.

இனி சோனிக். தரையில் ஓடும் வேகத்துக்கு அங்கேயும் வரம்பு உண்டு: ஃபிரேமுக்கு 6 பிக்சல். ஆனால் முடுக்கம் மிக மெல்லியது, ஃபிரேமுக்கு 0.046875. பூஜ்யத்திலிருந்து 6க்கு வர 128 ஃபிரேம், இரண்டு விநாடிக்கும் மேல். மரியோ முக்கால் விநாடியில் உச்சத்தைத் தொடுகிறார், சோனிக்குக்கு அதைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகிறது. உலகத்திலேயே வேகமான முள்ளெலி என்று விளம்பரப்படுத்தியதை இவ்வளவு மந்தமாகக் கிளம்ப விட்டது வேண்டுமென்றே செய்தது. கால் மட்டும் போதாது, சரிவைத் தேடு என்று கேம் சொல்கிறது.

சரிவில் என்ன நடக்கிறது என்றால், ஓடும்போது ஃபிரேமுக்கு 0.125 மடங்கு சரிவுக் கோணத்தின் சைன் கூடும் அல்லது குறையும். கீழ் பட்டனைத் தட்டிச் சுருண்டு உருண்டால், இறக்கத்தில் அந்த 0.125 இரண்டரை மடங்காகி 0.3125 ஆகிறது. ஏற்றத்தில் உருண்டால் 0.078125தான் எடுத்துக்கொள்ளும். உருளும்போது தரை உராய்வும் பாதி. மேலே போகையில் கொஞ்சம் இழப்பு, கீழே வருகையில் கொள்ளை லாபம். 6 என்ற வரம்பு காலுக்குத்தான். உருளும் பந்துக்கு வரம்பு 16.

அதனால் லெவலை அறிந்தவரும் அறியாதவரும் சோனிக்கின் முதல் ஸோனான கிரீன் ஹில்லில் ஒரே வேகத்தில் போவதில்லை. எந்த மேட்டில் உருள வேண்டும், எங்கே எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தவர் மேல்பாதையைப் பிடிக்கிறார். தெரியாதவர் கீழ்ப்பாதையில் முள்ளும் மீனும் பார்க்கிறார். லெவல்களை அமைத்த ஹிரோகாசு யாசுஹாராவுக்கு இதில் நாகா அளவுக்குப் பங்கு உண்டு. அவர் பெயரை யாரும் சொல்வதே இல்லை.

கொடிக்கம்பம்:

நீலமுள் அண்ணா, கணக்கு சரி. ஆனா கூரை இருக்கறது குறைன்னு நீங்க எடுத்துக்கிட்டதுதான் எனக்கு ஒப்பல.

வேகம் 2.5லயே நிக்கறதாலதான் 1-1ல எல்லா இடைவெளியும் அந்த வேகத்துக்கு அளந்து வச்சிருக்காங்க. முதல் பள்ளம் 2 கட்டம், அடுத்தது 3 கட்டம், படிக்கட்டு நடுவுல வர்றது மறுபடியும் 2. நின்னு தாவினா 4 கட்ட உயரம், ஓடி வந்து தாவினா 5. ஓட்டத்துலயே தாவுற உயரம் மாறுது, அப்ப பி பட்டன் வெறும் வேகத்துக்கு இல்ல, எவ்வளவு உயரம் வேணும்ங்கற முடிவும் அதுக்குள்ளதான் இருக்கு. எதிரிகளும் திரை ஓரம் அவங்க இடத்தைத் தொட்டாத்தான் கிளம்புவாங்க. நீங்க நிக்காம ஒரே சீரா ஓடினா ஒவ்வொரு தடவையும் அதே கூம்பா (நடந்து வர்ற சின்ன எதிரி) அதே இடத்துலதான் எதிர்ல வரும். அந்த லெவல் பாட்டு மாதிரி மனசுல உக்காந்துடும். நாகாவுக்கு நூறு தடவை ஆடணும்னு தோணினதுக்குக் காரணமே இதுதான்.

கண்ணுக்குத் தெரியற முன்னேற்றம் இல்லன்னு சொன்னீங்க. ஸ்பீட்ரன் ஆளுங்க, அதாவது கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்னு போட்டி போடறவங்க, இன்னும் இந்த கேமை விடல. 1-2லயும் 4-2லயும் வார்ப் (நடு லெவல்களைத் தாண்டிப் போற குறுக்குவழி) எடுத்து மொத்தம் 8 லெவல், உலகச் சாதனை 4 நிமிஷம் 55 விநாடிக்குக் கீழ போயாச்சு. அதுல ஒரு சூட்சுமம்: லெவல் முடிஞ்சு அடுத்ததுக்கு மாறுறது 21 ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் நடக்கும். 20 ஃபிரேம் மிச்சம் பிடிச்சாலும் சில சமயம் பலன் பூஜ்யம், 21வது கிடைச்சாத்தான் விநாடியில மூணுல ஒரு பங்கு குறையும். கூரைக்குக் கீழயும் நாப்பது வருஷத்துக்கு வேலை இருந்திருக்கு.

அடுத்தது பார்வை தூரம். இதைத்தான் சோனிக் ரசிகர்கள் பேச மாட்டேங்கறாங்க. மரியோ ஓடும்போது முன்னாடி ஏறத்தாழ 140 பிக்சல் தெரியும். 2.5 வேகத்துல அது 56 ஃபிரேம், கிட்டத்தட்ட ஒரு விநாடி. புது லெவலா இருந்தாலும் பாத்துட்டுத் தாவலாம். சோனிக் 320 பிக்சல் திரையில நடுவுல நிக்குது, முன்னாடி 160. வேகம் 6. கணக்குப் போட்டா 27 ஃபிரேம்கூட இல்ல, அரை விநாடிக்கும் கம்மி. உருண்டு 12ல போனா கால் விநாடிகூடக் கிடைக்காது. முள்ளு கண்ணுல படறப்பவே அடி விழுந்திருக்கும். மனப்பாடம் பண்ணாதவனுக்கு வேகத்தைக் குடுத்துட்டு உடனே தண்டனையும் குடுத்தா அது எப்படித் தீர்வாகும்?

வளையம்_32:

பார்வை தூரக் கணக்கை மறுக்க முடியாது, கொடிக்கம்பம். அதற்குப் பரிகாரம் கேமுக்குள்ளேயே இருக்கிறது: வளையம்.

மரியோவில் காளான் இல்லாமல் கூம்பா தொட்டால் உயிர் போச்சு. சோனிக்கிடம் ஒரே ஒரு வளையம் இருந்தாலும் அடிபட்டுப் பிழைக்கும். கையிலிருந்த வளையங்கள் சிதறும், எத்தனை வைத்திருந்தாலும் 32க்கு மேல் சிதறாது, அதிலும் ஒன்றிரண்டைத் திரும்பப் பொறுக்கிவிட்டால் அடுத்த அடிக்கும் தாங்கும். 27 ஃபிரேமில் தப்பிக்க முடியாது என்று தெரிந்தே, தவறினாலும் ஓட்டம் தொடரட்டும் என்று வைத்த ஏற்பாடு இது. உயிர் போகவில்லை, வேகம்தான் போயிற்று. அந்த 6ஐ மறுபடி சேர்க்க 128 ஃபிரேம் ஆகும் என்பதே போதுமான தண்டனை.

முதல் பாகத்தில் இந்த ஏற்பாடு ஓர் இடத்தில் உடைகிறது. அடிபட்டபின் சிறிது நேரம் சோனிக் மின்னும், அப்போது எதிரிகள் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் முட்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. ஒரு முள்வரிசையில் அடிபட்டு, தூக்கி எறியப்பட்டு, அடுத்த முள்வரிசையில் விழுந்தால் கையில் வளையம் இல்லை, செத்தது. நேர்மையற்றதாகத் தோன்றும் சாவுகளில் பாதி இப்படித்தான் வருகிறது.

கேமரா விஷயத்தை சேகாவும் உணர்ந்திருந்தது. 1993இல் வந்த சோனிக் சிடியில், வேகம் 6ஐத் தொட்டதும் கேமரா மெல்ல முன்னால் நகர்ந்து 64 பிக்சல் கூடுதலாகக் காட்டும். 160 இப்போது 224 ஆயிற்று. 27 ஃபிரேம் 37 ஃபிரேம் ஆயிற்று. வேகத்தில் கை வைக்காமல் பார்வையை மட்டும் நீட்டிய இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. இதைப் பிற்பாடு வந்த பாகங்களில் விட்டுவிட்டது பெரிய இழப்பு.

மெகாடிரைவ்_மணி:

மூன்றாவது கட்சிக்கு, அதாவது "வலது பட்டனைப் பிடித்தால் போதும்" என்பவர்களுக்கு, யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. முதல் பாகத்தில் வலது பட்டனைப் பிடித்தே இருப்பதுதான் வேகத்தைக் கெடுக்கும் பழக்கம். எமுலேட்டர் (பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) இருந்தால் பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் எமுலேட்டரின் பிரதேச அமைப்பை அமெரிக்கா அல்லது ஜப்பான் என்று மாற்றுங்கள். ஐரோப்பா என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸில் ஓடும். முதல் பாகத்தை அதற்கென்று சரிசெய்யவில்லை, அதனால் பாட்டு உட்பட எல்லாமே ஆறில் ஒரு பங்கு மந்தமாகிவிடும். அப்புறம் கணக்கு எதுவும் ஒத்துவராது.

கிரீன் ஹில் ஆக்ட் 1 (அந்த ஸோனின் முதல் பகுதி) தொடங்கிய கணத்தில் ஒரு ஸ்டேட் சேவ் போடுங்கள், அந்தக் கணத்துக்கே திரும்பத் திரும்ப வரலாம். மெமரி வாட்ச்சில் (நினைவகத்தில் இருக்கும் எண்களைக் காட்டும் வசதி) சேகாவின் கேம் கருவியான மெகா டிரைவின் எஃப்எஃப்டி014 முகவரியை 16 பிட், குறியுள்ள எண்ணாக வையுங்கள். அதுதான் தரை வேகம். 256 என்றால் ஒரு பிக்சல், 1536 என்றால் 6 பிக்சல். பக்கத்தில் டி010இல் கிடைமட்ட வேகம், டி012இல் செங்குத்து வேகம். தாவியபின் டி010ஐப் பார்க்க வேண்டும், தரை வேகம் தரைக்கு மட்டும்தான்.

முதல் ஓட்டத்தில் வலது பட்டனை மட்டும் பிடியுங்கள். ஃபிரேமுக்கு 12 வீதம் ஏறி, 60வது ஃபிரேமில் 720, அதாவது 2.8 பிக்சல்.

இரண்டாவது ஓட்டத்தில் வலது பட்டனோடு தொடக்கத்திலேயே ஒரு முழுத் தாவல். தாவல் தொடக்க வேகம் 6.5, ஈர்ப்பு 0.21875, ஆக ஏறத்தாழ 60 ஃபிரேம் காற்றில் இருப்பீர்கள். காற்றில் முடுக்கம் தரையைப் போல் இரண்டு மடங்கு. மேலே ஏறும் வேகம் 4க்குக் கீழே வந்ததிலிருந்து உச்சியைத் தொடும் வரை காற்றுத் தடை கொஞ்சம் பிடிக்கும். அதையும் கழித்தால் இறங்கும்போது 4.7 பக்கம் நிற்கும். அதே ஒரு விநாடியில் 2.8க்குப் பதில் 4.7! நேர்ச் சமதளத்தில் தாவுவது வீண் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஜம்ப் பட்டனைச் சீக்கிரம் விட்டுவிடாதீர்கள், விட்டால் ஏறும் வேகம் 4க்கு வெட்டப்பட்டு, பட்டனை விட்ட கணத்திலேயே தடை தொடங்கும். காற்றில் இருக்கும் நேரமும் குறையும்.

மூன்றாவது, ஓர் இறக்கம். வேகம் 6இல் இருக்கையில் 45 பாகைச் சரிவில் அரை விநாடி இறங்குவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலது பட்டனைப் பிடித்துக்கொண்டே ஓடினால் 6தான். சரிவு கொடுத்ததை கேம் ஒவ்வொரு ஃபிரேமும் 1536க்கு வெட்டிவிடும். முதல் பாகத்தின் நிரலில் இருக்கும் தவறு இது. பட்டனை விட்டுவிட்டு ஓடினால் உராய்வு போக 7.2. கீழ் பட்டனைத் தட்டி உருண்டால் 12. ஒரே சரிவில் 6, 7.2, 12 என்று மூன்று பலன், அதில் மோசமானது வலது பட்டனைப் பிடித்தவருக்கு.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. உருண்டுகொண்டிருக்கும்போது தாவினால் தரையைத் தொடும் வரை திசை மாற்ற முடியாது, கை கட்டப்பட்டுவிடும். உருளாமல் ஓடும்போது தாவினால் திசை மாற்றலாம், ஆனால் 6ஐத் தாண்டிய வேகத்தில் காற்றில் வலது பட்டனைத் தொட்டால் மறுபடியும் 6க்கு வெட்டு. ஆகவே பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேடை குறுகலாக இருந்தால் எழுந்து ஓடித் தாவுங்கள். அகலமாக இருந்தால் உருண்டபடியே தாவி, எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வளைச்சுற்றில் தலைகீழாக இருக்கும்போது வேகம் 2.5க்குக் கீழே போனால் சோனிக் பிடி விட்டு விழும். சுற்றில் விழுபவர்கள் அதற்கு முந்தைய ஏற்றத்திலேயே வேகத்தை இழந்திருப்பார்கள், சுற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆக்ட்டை 30 விநாடிக்குள் முடித்தால் நேர போனஸ் 50,000. 30ஐத் தொட்டுவிட்டால் 10,000தான். இந்தப் பெரிய பள்ளத்தை வைத்ததே திரும்பத் திரும்ப ஓடுங்கள் என்று கூப்பிடத்தான். நாகா 1-1இல் தானாகச் செய்துகொண்டதை இங்கே கேமே கேட்கிறது.

கொடிக்கம்பம்:

மணி அண்ணா, சரிவுக் கணக்கை ஒத்துக்கறேன். வலது பட்டன் வாதத்தை இனி நானும் எடுக்க மாட்டேன். ஆனா நீங்க எல்லாரும் கிரீன் ஹில்லையே சுத்தி வர்றீங்க. ரெண்டாவது ஸோன் மார்பிள். லாவா மேல மிதக்கற கல்லுல நின்னு காத்திருக்கணும், நசுக்கற தூண் மேல போற வரைக்கும் காத்திருக்கணும். நாலாவது லாபிரிந்த். தண்ணிக்குள்ள உச்ச வேகம் 6லேருந்து 3, தாவல் 6.5லேருந்து 3.5, முடுக்கமும் பாதி. 30 விநாடிக்கு ஒரு தடவை குமிழி தேடணும். எவ்வளவு தேறினவனா இருந்தாலும் கல்லு அதோட நேரத்துக்குத்தான் நகரும். நாகா சொன்ன குறை 1-1ல இருக்கறதை விட இங்கதானே அதிகம்?

நீலமுள்:

ஒத்துக்கொள்கிறேன், இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு ஸோன்களில் நாகா சொன்ன எண்ணம் முழுதாக நிற்பது கிரீன் ஹில்லிலும் ஸ்டார் லைட்டிலும்தான். ஸ்பிரிங் யார்டில் பாதி. மார்பிளில் வேகமாக வந்தவர் மெதுவாக வந்தவரைவிட அதிக நேரம் காத்திருக்கிறார், அவ்வளவே. மாரியோ 1-1இல் தூக்குமேடைகூடக் கிடையாது, காத்திருக்க வைக்கும் பொருளே இல்லை. அந்த விதத்தில் 1-1 மார்பிளைவிட நாகாவின் விருப்பத்துக்கு நெருக்கமானது.

பலரும் அவர் பேச்சைப் பகையாகப் படிப்பதற்கு அமெரிக்க விளம்பரங்களும் காரணம். சேகாவின் அமெரிக்கக் கிளை நின்டெண்டோவைப் பெயர் சொல்லித் தாக்கியது, 1991இல் மெகா டிரைவோடு கொடுத்துவந்த கேமை மாற்றி சோனிக்கைச் சேர்த்தது. அது விற்பனைப் பிரிவின் பேச்சு. நிரல் எழுதியவரின் பேச்சை அதோடு சேர்த்துப் படித்தால் பொருள் திரிந்துவிடும்.

எட்டுபிட்_குமரன்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. 1992இல் இரண்டாம் பாகத்தில் ஸ்பின் டாஷ் வந்தது. நின்ற இடத்திலேயே வேகம் கிடைக்கிறது என்றால் சரிவைத் தேட வேண்டிய தேவையே போய்விடாதா?

மெகாடிரைவ்_மணி:

ஓரளவு போய்விடும். கீழ் பட்டனைப் பிடித்து ஜம்ப்பைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் சுழற்சி 2 கூடும், உச்சம் 8. விட்டால் வேகம் 8, அதோடு சுழற்சியில் பாதி. ஆக 8இலிருந்து 12 வரை. இரண்டு விநாடி ஓடிச் சேர்க்கும் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு, அரை விநாடியில். தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் சுழற்சி ஃபிரேமுக்கு 32இல் ஒரு பங்கு கரையும், அதனால் நான்கைந்து தட்டையும் படபடவென்று போட்டு உடனே விட வேண்டும். நிதானமாகப் பத்துத் தட்டு தட்டுபவர் 12ஐத் தொடுவதில்லை.

நல்லது என்னவென்றால், அடிபட்டு நின்றவர் 128 ஃபிரேம் இழக்க வேண்டியதில்லை. ஏற்றத்தின் அடியில் நின்றுவிட்டால் பின்னால் போய் ஓடி வர வேண்டியதும் இல்லை. கெட்டது நீங்கள் சொன்னதேதான். அதோடு கேமராவின் நிலையும் பாவம். முதல் இரண்டு பாகங்களில் அது ஃபிரேமுக்கு 16 பிக்சலுக்கு மேல் நகராது. இரண்டாம் பாகத்தின் கெமிக்கல் பிளான்ட் ஸோனில் செங்குத்தான இறக்கங்களில் சோனிக் திரையை விட்டே ஓடிவிடும், கேமரா பின்னால் துரத்திக்கொண்டு வரும். மூன்றாம் பாகத்தில் அதை 24 ஆக்கினார்கள்.

மொபைலுக்கும் ஸ்விட்ச்சுக்கும் வந்த முதல் பாகத்தில் ஸ்பின் டாஷையும் சேர்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று ஓட்டங்களை அதில் சோதிப்பதானால், நிற்கும்போது கீழ் பட்டனோடு ஜம்ப்பைத் தொடாதீர்கள். 1991 அசலில் அது கிடையாது, கிரீன் ஹில்லின் மேடுகளை அது இல்லாத கைக்குத்தான் அளந்திருக்கிறார்கள்.